முழுச் சொல் மட்டும்

கரண்ட் போய்வந்த பதினொரு மணிக்கு
குணவதி கடைக்குள் வந்தாள்.
கையில் பென் டிரைவ்,
அதன் மூடியில் ஒற்றைச் செதில் ஒட்டியிருந்தது.
"பேரை எடுத்துடணும் ரெஜினா."
எந்தப் பேர் என்று நான் கேட்கவில்லை.
சோனங்குப்பத்தில் தொடங்கிய சண்டை
படகேறி உப்பனாற்றைத் தாண்டி
முதுநகருக்குப் போன வாரமே வந்துவிட்டது.

மூன்று வருஷம் முன்பு
அந்த இணையப் பக்கத்தைக் கட்டியது நான்தான்.
மேலே நீலப் பட்டை.
கடல் படம் வேணாம், தினமும் பாக்குறதுதானே என்றார்கள்.
நடுவில் கொட்டை எழுத்தில்
கலா குணவதி கருவாட்டுக் கடை.
நாத்தனார் பேர் முன்னாலயா, அண்ணி பேர் முன்னாலயா
என்று அரை மணி நேரம் போனது.
அகர வரிசை என்று சொல்லி முடித்துவைத்தேன்.
விலைக்கு வேர்டில் ஓர் அட்டவணை:
நெத்திலி, வாளை, சென்னாக்குன்னி இடப்பக்கம்,
ரூபாய் வலப்பக்கம்,
நடுவில் அச்சில் விழாத கோடு.
பக்கத்துக்குப் போகும் எழுத்தெல்லாம்
அதே கோப்பில்தான் இருந்தது.

கண்ட்ரோல், ஹெச்.
தேடு: கலா.
மாற்று: குணவதி.
கீழே சின்னதாய் ஒரு கட்டம், முழுச் சொல் மட்டும்.
அதில் டிக் போட்டால் கலா போவாள்,
கலாவின், கலாவிடம், கலாவோடு
அசையாமல் உட்கார்ந்திருக்கும்.
இங்கிலீஷில் ஆளைத் தனியாகத் தூக்கிவிட முடிகிறது.
தமிழில் உருபைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.
டிக் போடவில்லை.
எல்லாவற்றையும் மாற்று.

நாற்பத்து மூன்று இடங்களில் மாறியது.
"அத்தினி தடவையா எழுதி வச்சிருந்தோம் அவ பேரை?"

ஸ்குரோல் செய்தேன்.
உதட்டசைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தாள்:
மழை நாளிலும் எங்களிடம் வாங்குணவதிம்.
ஃபிரிட்ஜ் இல்லாமல் மூன்று மாதம் வைத்திருக்குணவதிம்.
கத்திரிக்காய் போட்டுச் சமைக்குணவதிம்.
விலையை ஃபோனிலும் கேட்குணவதிம்.

சிரித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு
ஸ்டூல் ஆட ஆடச் சிரித்தாள்.
பிறகு திரையில் விரலை வைத்தாள்.
"இதுலல்லாம் அவ எங்க இருந்தா?"

இருந்தாள். இருபது வருஷமாய்த் தட்டச்சு செய்கிறேன்,
நானும் பார்த்ததில்லை.
வாங்கலாம், சமைக்கலாம், இருக்கலாம் என்று
யாருக்கு எதற்கு இடம் கொடுத்தாலும்
வினையின் இடுப்பில் ஏறி
அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

கண்ட்ரோல், இஸட்.
நாற்பத்து மூன்று கலாவும்
ஒரே நொடியில் திரும்பி வந்தார்கள்.
குணவதி ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள்.

இனி ஒவ்வொன்றாக.
இது? எடு.
இது? அது வேற, வுடு.
இது? எடு.
கலாவின் கைப்பக்குவம்.
அங்கே மட்டும் நின்றாள்.
"உப்புக் கணக்கு அவளுக்குத்தான் தெரியும்."
மின்விசிறி இரண்டு சுற்று சுற்றியது.
"எங்கள்னு போடு."
அடித்தேன். பன்மையை அவள் திருத்தவில்லை.

ஃபோட்டோவில் ஒரு கூடை, நான்கு கை.
இரண்டை கிராப் செய்தால்
கூடை பாதியில் அறுந்து நின்றது.
இழுத்துப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன்.
"வுட்டுடு. கையில பேரா எழுதியிருக்கு?"

எட்டுப் பக்கம் பிரிண்ட், திருத்தக் கூலி,
எல்லாம் நூற்றைம்பது.
பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தாள்,
அதில் உப்பின் ஈரம்.

சேமிக்கப் போகையில்
கோப்பின் பெயர் கண்ணில் பட்டது:
கலா குணவதி இறுதி 3.
"இதையும் மாத்தணுமா?"

படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.
படகுக்கு நேரமாகிவிட்டது.
"அது உள்ளதானே கெடக்கு, யாரு பாக்கப் போறா.
அப்புறமா மாத்திக்கலாம்."